தண்டனையே இல்லாமல் பதவி போகுமா? அமெரிக்காவின் 14ஆவது திருத்தம், 3ஆம் பிரிவு

மருதன்
2021 ஜனவரி 6இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலில் நடந்த கலவரத்தை வைத்து, இந்த 3ஆம் பிரிவின்படி நியூ மெக்சிகோவில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்றது) ஆணையரின் பதவி பறிபோனது. அதே பிரிவை வைத்துக் கொலராடோ உச்ச நீதிமன்றம் டிரம்பை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கியது மட்டும் செல்லாமல் போனது. இருவருக்குமே கிளர்ச்சிக் குற்றத்தில் தண்டனை கிடையாது. வேறுபாடு எங்கே?

நெய்தல்
கிளர்ச்சியில் ஈடுபட்டவர் பதவி வகிக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பிரிவு. தண்டனையைத் தேடாதீர்கள், அந்தச் சொல்லே பிரிவில் இல்லை. பார்க்க வேண்டியது வரிசையை. அரசியலமைப்பைக் காப்பேன் என்று ஒரு பதவிக்காக முதலில் உறுதிமொழி எடுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கிளர்ச்சியில் இறங்கியிருக்க வேண்டும். உறுதிமொழியே எடுக்காமல் கலகம் செய்தவரை இது தொடாது. 1868இல் இது நடைமுறைக்கு வந்தபோது குறி, உள்நாட்டுப் போரில் தெற்கின் பக்கம் சாய்ந்த பழைய எம்.பி.க்களும் நீதிபதிகளும்தான். தடையை நீக்க காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

கல்வெட்டு
வேறுபாடு பதவியில் இருக்கிறது. நீங்கள் சொன்ன நியூ மெக்சிகோ ஆணையர் கூய் கிரிஃபின். அவர் வகித்தது ஒட்டேரோ கவுண்டி ஆணையர் பதவி, அதாவது மாநிலத்துக்கு உட்பட்டது. 'எந்த உரிமையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்?' என்று குடிமக்களே வழக்குப் போட அந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. நம் ஊர் கோ வாரண்டோ மாதிரிதான். 2022 செப்டம்பர் 6 தீர்ப்போடு பதவி காலி. அவருக்கு இருந்த தண்டனையோ தடை செய்த பகுதிக்குள் நுழைந்ததற்கு 14 நாள் சிறை, அவ்வளவுதான். மேல்முறையீட்டில் கோட்டை விட்டது இன்னும் பரிதாபம்: உரிய காலத்தில் ஆவணம் தாக்கல் செய்யவில்லை.

டிரம்ப் போட்டியிட்டது கூட்டாட்சிப் பதவிக்கு. அதற்கு இந்தப் பிரிவை மாநிலங்கள் அமல்படுத்த முடியாது, மாநிலப் பதவிகளுக்கு முடியும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2024 மார்ச் 4 தீர்ப்பு. இரண்டே வாரத்தில் கிரிஃபினின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

எழுஞாயிறு
டிரம்ப் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, '9-0' என்பதோடு நிறுத்தினால் பாதிதான் படித்ததாகும். ஐந்து நீதிபதிகள் இன்னும் மேலே போய், காங்கிரஸ் சட்டம் இயற்றினால்தான் அமல் என்றார்கள். மற்ற நால்வர் அந்தக் கருத்தில் உடன்படவில்லை. டிரம்ப் கிளர்ச்சியில் ஈடுபட்டாரா என்பதை உச்ச நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை.

அப்படியொரு சட்டம் 1870இல் இருந்தது. பதவியிலிருந்து இறக்க அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடரலாம். அந்த விதியை 1948இல் நீக்கிவிட்டார்கள். இன்று கையில் இருப்பது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் கிளர்ச்சிப் பிரிவு 2383: 10 ஆண்டு வரை சிறை, கூடவே பதவித் தடை. அதற்குத்தான் தண்டனை அவசியம். ஜனவரி 6 வழக்குகளில் யார் மீதும் அது பாயவில்லை.

மருதன்
1872 பொது மன்னிப்புச் சட்டம் இந்தப் பதவித் தடைகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது என்று ஒரு வாதம் பார்த்தேனே?

நெய்தல்
அமெரிக்க எம்.பி. மேடிசன் காவ்தார்ன் வழக்கில் வைத்த வாதம்தான். 'விதிக்கப்பட்ட' தடைகள் என்று சட்டம் இறந்த காலத்தில் பேசுகிறது, பின்னால் வருபவர்களுக்குப் பொருந்தாது என்று 2022 மே மாதம் நான்காவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.