த்ரீ நாட் த்ரீ, இஷாப்பூர் 1942: நம்பர் எல்லாம் வேற வேறயா இருக்கு, இது ஒரிஜினலா?

ஸ்கார்பரோவாசி:

வணக்கம். ஒன்டாரியோல ஒரு பெரியவர் வீட்டு சாமான் ஏலத்துல போன மாசம் ஒரு லீ என்ஃபீல்ட் எடுத்தேன், நம்ம ஊர்ல த்ரீ நாட் த்ரீன்னு சொல்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி, லைசென்ஸ் இருக்கு, பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. எடுத்ததுக்கு ஒரே காரணம் அதுல இருந்த பேருதான். போல்ட் கைப்பிடிக்குக் கீழ, பின்கட்டை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு இரும்புப் பட்டை இருக்குல்ல, அதோட வலது பக்கம் ஒரு கிரீடம், கீழ ஜி.ஆர்.ஐ., அதுக்கும் கீழ இஷாப்பூர், 1942, நம்பர் 1 மார்க் 3, பக்கத்துல ஒரு நட்சத்திரம். எங்க தாத்தா அந்த வருஷம் பட்டாளத்துல இருந்தவர், பாத்ததும் விட்டுட்டு வர மனசு வரல.

வித்தவர் எல்லா நம்பரும் ஒண்ணு, ஃபேக்டரில இருந்து வந்தது அப்படியே இருக்குன்னு சொன்னாரு. வீட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தா ரிசீவர், அதாவது போல்ட் உள்ள ஓடற இரும்பு உடம்பு, அதோட நம்பரும் போல்ட் நம்பரும் ஒண்ணுதான், ஆனா போல்ட்ல அதுக்கு மேலயே இன்னொரு நம்பர் கோடு போட்டு அடிச்சிருக்கு. முன்னாடி மூக்கு மாதிரி இருக்கற இரும்பு கேப்ல நம்பரே வேற, கூடவே எம்.ஏ.ன்னு பொடி எழுத்துல ஒரு முத்திரை. தோட்டா அடுக்கற மேகசினுக்கு முன்னாடி கட்டைல குறுக்கால ஒரு ஸ்க்ரூ போகுது, நெட்ல பாத்த படம் எதுலயும் அது இல்ல. கட்டை எண்ணெய் குடிச்சு கறுத்துப்போய் பிசுபிசுன்னு இருக்கு. நான் ஏமாந்துட்டேனா? சனிக்கிழமை கட்டைய தேச்சு வார்னிஷ் அடிக்கலாம்னு சேண்ட்பேப்பர் கூட வாங்கி வச்சாச்சு.

பழைய இரும்பு:

முதல்ல அந்த சேண்ட்பேப்பர எடுத்து ஓரமா வைங்க, தயவுசெஞ்சு. உலோகத்துல இருக்கற முத்திரை பாதிதான், மீதி கட்டைல இருக்கு, ஒரு தடவை தேச்சா ஜென்மத்துக்கும் திரும்ப வராது. ஆளி விதை எண்ணெய் பச்சையா, கொதிக்க வைக்காதது, அதைத் துணில தொட்டு கையாலயே தேச்சு விடுங்க போதும், பட்டாளத்துலயும் அதைத்தான் போட்டாங்க.

இப்ப உங்க கேள்வி. ஜி.ஆர்.ஐ.ல ஜி.ஆர். ஜார்ஜ் ராஜா, அந்த கடைசி ஐ பேரரசர்ங்கறதுக்கு, இந்தியால அடிச்சதுல அப்படித்தான் இருக்கும், இங்கிலாந்துல அடிச்சதுல பொதுவா ஜி.ஆர். மட்டும்தான். இஷாப்பூர் கொல்கத்தாவுக்கு வடக்க ஹூக்ளி ஆத்தங்கரை ஃபேக்டரி, குடியரசு ஆனப்புறம் கிரீடம் போய் அசோகர் சிங்கம் வந்துச்சு, பேரும் ஆர்.எஃப்.ஐ., அதாவது ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்னு ஆச்சு, அதனால 1942க்கு கிரீடம் இருக்கறது சரி. நட்சத்திரம் ஏன்னா முதல் உலகப்போர் நடுவுல சீக்கிரம் செஞ்சு தள்ளணும்னு மேகசின்ல இருந்து தோட்டா வராம தடுக்கற கட்ஆஃப் தகட்டையும், ரொம்ப தூரத்துக்குக் குறிபாக்க இடது பக்கம் இருந்த வாலி சைட்டையும் எடுத்துட்டாங்க, அப்படி சுலபமாக்குன மாடல் அது. உங்க துப்பாக்கில இடது பக்கம் வாலி சைட் பளபளன்னு இருந்தா யாரோ விலை ஏத்த மாட்டிவிட்டதுன்னு சந்தேகப்படலாம்.

போல்ட்ல கோடு போட்ட நம்பரப் பாத்து பயப்படாதீங்க. ராணுவப் பட்டறைல ரிப்பேருக்கு வர்ற துப்பாக்கிக்கு போல்ட் தேஞ்சிருந்தா வேற ஒண்ண எடுத்து பொருத்திப் பாத்து, பழைய நம்பர கோடு போட்டு அடிச்சுட்டு ரிசீவர் நம்பர அடிப்பாங்க, பழச மறைக்கணும்னு நினைக்கவே மாட்டாங்க. ஏமாத்தறவன் பண்றது வேற மாதிரி, பழச அரத்தால தேச்சு தடமே இல்லாம ஆக்கிட்டு புதுசா அடிப்பான், அந்த இடம் லேசா குழிஞ்சிருக்கும், எண்ணோட உள்பக்கம் பளிச்சுன்னு இருக்கும், சுத்தி இருக்கற இரும்போட கலர் அதுல இருக்காது. லென்ஸ் வச்சுப் பாருங்க. ரிசீவர், பேரல், போல்ட் கைப்பிடியோட பின்பக்கம், பின்சைட் தகட்டைத் தூக்கினா அடில, நோஸ் கேப், அப்புறம் முன்கட்டையோட அடில நுனிப்பக்கம், இந்த ஆறு இடத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும், ஆனா எழுபது எண்பது வருஷம் ஓடுன துப்பாக்கில ஆறும் ஒண்ணா கிடைக்கறது ரொம்ப அபூர்வம். இடது பக்கம் பட்டைல எஃப்.ஆர்.னு வருஷத்தோட இருக்கான்னு பாருங்க, ஃபேக்டரி ரிப்பேர்னு அர்த்தம், இங்கிலாந்துல அதையே எஃப்.டி.ஆர்.னு அடிப்பாங்க.

அந்தக் குறுக்கு ஸ்க்ரூக்கு இஷாப்பூர் ஸ்க்ரூன்னே பேரு! கட்டை பிளந்துடாம இருக்க இந்தியால போட்டது. நீங்க குறைன்னு நினைச்சீங்களே அது, உங்க துப்பாக்கி உண்மைலயே அங்க வேலை பாத்ததுக்கு சாட்சியே அதுதான்.

டூப்ளிகேட் பத்தியும் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் ஆகும். பாகிஸ்தான்ல தர்ரா ஆதம் கேல் பக்கம் பட்டறைல கையாலயே லீ என்ஃபீல்ட் செய்யறாங்க, கை வேலை பிரமாதம், ஆனா முத்திரை அடிக்கறவருக்கு இங்கிலீஷ் எழுத்து வெறும் கோலம் மாதிரிதான், இங்கிலீஷ் ‘N’ எழுத்து திரும்பி நிக்கும், என்ஃபீல்டுக்கு ஸ்பெல்லிங் தப்பும், விக்டோரியா ராணியோட வி.ஆர். அடிச்சு கீழ 1911ன்னு போட்டிருக்கும், ராணி செத்தது 1901 ஜனவரில. அந்த மாதிரி எதையும் சுடவே கூடாது, என்ன இரும்புன்னு செஞ்சவருக்கே தெரியாது.

ஆர்மரர் மகள்:

அப்பா தமிழ்நாட்டு போலீஸ்ல ஆயுதப்படைல துப்பாக்கி பழுது பாக்கற ஆர்மரரா இருந்தார், நாங்க குவார்ட்டர்ஸ்ல வளந்தவங்க, இந்த த்ரெட்டப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. கிளீனிங் நாள்ல சாக்கு விரிச்சு த்ரீ நாட் த்ரீ வரிசையா படுத்திருக்கும், பேரல் உள்ள துடைக்கற புல்த்ரூ கயித்துல ஃபோர் பை டூ துணிய மாட்டி இழுப்பாங்க, அப்பா கத்தறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், ஒரு துப்பாக்கி போல்ட் இன்னொண்ணுல போயிடக்கூடாது. நம்பர வாய்விட்டு படிச்சுட்டுத்தான் போல்ட்ட உள்ள விடணும். போல்ட் மாறினா தோட்டா உக்கார்ற இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவுல இடைவெளி மாறும், அதிகமாச்சுன்னா ரவையோட பித்தளைக் கூடு சுடும்போது பின்னாடி கிழியும், கண்ணு போயிடும்.

அதனால சுடறதுக்கு முன்னாடி கன்ஸ்மித்கிட்ட அந்த இடைவெளிய அளக்கற ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டுப் பாத்துடுங்க. 0.064 இஞ்ச் கேஜ் மேல போல்ட் மூடணும், 0.074 மேல மூடக்கூடாது, பழைய ராணுவக் கணக்கு அதுதான்.

பேரல் உள்ள தோட்டாவச் சுத்த வைக்கற சுருள் வரி இருக்கான்னும் பாருங்க. இஷாப்பூர்ல நிறைய த்ரீ நாட் த்ரீய வரி இல்லாத .410 மஸ்கட்டா மாத்தி போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் குடுத்தாங்க, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், மேகசின் குழில மரக்கட்டைய அடைச்சிருப்பாங்க. வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது.

பின்கட்டைக்குப் பின்னாடி பித்தளைத் தகட்டுல ஒரு சின்ன கதவு இருக்கும், திறந்தீங்களா?

மெல்பன்காரன்:

எம்.ஏ. எண்டு நீங்கள் சொன்னதுதான் என்னை இழுத்தது. அது ஆஸ்திரேலியாவில லித்கோ ஃபேக்டரி முத்திரை. ரெண்டாம் உலகப்போர் நேரம் லித்கோவுக்குப் பக்கத்து ஊர்களிலயும் கிளைப் பட்டறையள் போட்டு வேலை செய்தவை, ஆரஞ்ச் எண்ட ஊரில செய்தது எண்டால் ஓ.ஏ., பாதர்ஸ்ட் எண்டால் பி.ஏ. எண்டு கிடக்கும். அப்ப உங்கட நோஸ் கேப் இஷாப்பூரில பிறக்கேல்லை, பிறகு எப்பவோ ரிப்பேரில வந்து ஏறியிருக்கு. இஞ்ச கட்டையிலயும் வித்தியாசம் தெரியும், இங்கிலாந்துக்காரர் வால்நட் போட்டவை, லித்கோவில பிறகு கோச்வுட் எண்ட உள்ளூர் மரம். டென்னிஸ் ராக்கெட் செய்யிற ஸ்லாசஞ்சர் கம்பனி கூட போர்க்காலத்தில கட்டை செய்து குடுத்தது, அவையின்ர முத்திரையோட கன துப்பாக்கி நான் பாத்திருக்கிறன்.

அம்புக்குறியையும் பாருங்கோ. வெறும் அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து, ரெண்டு டி எழுத்துக்கு நடுவில அம்பு எண்டால் ஆஸ்திரேலியா, சி எழுத்துக்குள்ள எண்டால் கனடா. ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு முட்டிக்கொண்டு நிண்டால் ராணுவம் வித்துத் தள்ளினது எண்டு அர்த்தம். பேரலில 18.5 டன் எண்டு இருந்தால் இங்கிலாந்தில ப்ரூஃப் சோதனை, அதாவது கூடின அழுத்தத்தில சுட்டுப் பாக்கிற சோதனை, செய்து வெளிச்சந்தைக்கு வந்தது.

ஸ்கார்பரோவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஞாயித்துக்கிழமை முழுக்க இதோடதான் உக்காந்திருந்தேன். இடது பக்கம் கறுப்பு பெயின்ட்டுக்கு அடில எஃப்.ஆர்., பக்கத்துல 51ன்னு இருக்கு. பின்சைட் தகட்டுக்கு அடில இருக்கறதும் பேரல்ல இருக்கறதும் ரிசீவர் நம்பரேதான். முன்கட்டை அடில பழைய எண்ணெய துணியால ஒத்தி எடுத்தா அங்கயும் அதே நம்பர், சேண்ட்பேப்பர் போட்டிருந்தா அது போயிருக்கும், நினைச்சாலே வயித்தக் கலக்குது. பேரல்ல வரி இருக்கு. 18.5 டன்னும் இருக்கு, அப்ப இந்தியால இருந்து இங்கிலாந்து போய் அப்புறம் இங்க வந்திருக்கு.

பித்தளைக் கதவத் திறந்தேன் அக்கா, உள்ள சின்ன எண்ணெய் புட்டி, கூட புல்த்ரூ கயிறு, பாதி மக்கிப்போய்.

ஒரு கேள்வி பாக்கி. நம்பர வச்சு எந்த ரெஜிமென்ட்ல இருந்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பழைய இரும்பு:

நம்பர மட்டும் வச்சு முடியாதுங்க. பழைய மாடல்ல பின்கட்டைல பித்தளை வட்டம் ஒண்ணு இருக்கும், அதுல ரெஜிமென்ட் பேர அடிப்பாங்க, முதல் உலகப்போர் நடுவுலயே அத நிறுத்திட்டாங்க, 1942ல எதிர்பார்க்க முடியாது. வித்தவர் சொன்னது தப்புதான், ஆனா நீங்க ஏமாறல. நோஸ் கேப்ப மாத்திடாதீங்க, அது அப்படியே இருக்கட்டும்.

ஸ்கார்பரோவாசி:

மாத்தல. வியாழக்கிழமை கன்ஸ்மித்கிட்ட கேஜ் போடக் குடுக்கறேன். ஊர்ல டிரங்க் பெட்டில தாத்தா யூனிஃபார்ம்ல நிக்கற படம் ஒண்ணு இருக்குன்னு அம்மா சொல்றாங்க, தேடச் சொல்லியிருக்கேன், கையில துப்பாக்கி இருந்து மூக்குப்பக்கம் தெளிவா தெரிஞ்சா இங்க போடறேன், பாத்து சொல்லுங்க.