புதுப்பிப்பு: ஸ்டார்ட்_கர்னல்ல ஒருவழியா நிக்குது

முன்னாடி கேட்டிருந்தேன்ல, க்யூஎமுங்கிற வர்ச்சுவல் மெஷினுக்குள்ள லினக்ஸ் கர்னலை ஓடவிட்டு, பிழை தேடுற ஜிடிபி டூலை 1234 போர்ட்ல மாட்டினா, ஸ்டார்ட்_கர்னல்ங்கிற தொடக்க ஃபங்ஷன் உட்பட, நிறுத்தச் சொல்லி வச்ச பிரேக்பாயிண்ட் எதையும் மதிக்காம நேரா லாகின் வரைக்கும் ஓடிடுதுன்னு? தீர்ந்தாச்சு.

காரணம் கே.ஏ.எஸ்.எல்.ஆர்., அதாவது கர்னலோட முகவரியை மாத்தி மாத்தி வைக்கிற பாதுகாப்பு வசதி. ஒவ்வொரு பூட்டுக்கும் கர்னல் வேற முகவரியில போய் உக்காருது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல ஒகேனக்கல் பஸ் தினம் ஒரு மூலையில நின்னா எப்படியோ, அப்படி. எக்ஸ்86-ல 2017-ல வந்த 4.12-லிருந்து இது டீஃபால்ட்டாவே ஆன். ரூட்டா உள்ள போய், ஓடுற கர்னலோட முகவரிப் பட்டியலான கால்சிம்ஸ் ஃபைலைப் பார்த்தேன்: ஜிடிபி படிக்கிற கர்னல் ஃபைலான விஎம்லினக்ஸ்ல இருக்கிற முகவரிக்கும் அதுக்கும் கடைசி அஞ்சு இலக்கம் ஒண்ணுதான், அதுக்கு முன்னாடி வேற. பூட் வரியில நோகேஏஎஸ்எல்ஆர் சேர்த்ததும் ரெண்டும் பொருந்திடுச்சு.

அப்பவும் ஸ்டார்ட்_கர்னல்ல நிக்கல. "தம்பி, கேவிஎம் போட்டிருந்தா ஹெச்பிரேக் குடு"ன்னு ஓசூர் அண்ணன் ஒருத்தர் சொன்னார். அதான் சரி (கேவிஎம்னா க்யூஎமுவை நிஜ சிபியுவிலேயே வேகமா ஓட்டுற வசதி, ஹெச்பிரேக்னா ஜிடிபியோட ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட்). சாதா பிரேக்பாயிண்ட் மெமரியில ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை எழுதி வைக்கும். கர்னல் இன்னும் மெமரிக்கே வராதப்போ எங்க எழுதுறது? ஹெச்பிரேக் சிபியுவோட டீபக் ரெஜிஸ்டரைப் பிடிச்சுக்கும். மொத்தம் 4 தான், கஞ்சமா செலவு பண்ணுங்க.

வர்ச்சுவல் மெஷினே இல்லாம நேரா லேப்டாப்லயே பாருன்னு சொன்னவங்களுக்கு: கர்னல் பேனிக் ஆகி நின்னுபோற ஒவ்வொரு தடவையும் ரீபூட் பண்ண எனக்குப் பொறுமை இல்லைங்க.

கம்பைலர் நீக்கிட்டதால மதிப்பைக் காட்டாம, 'ஆப்டிமைஸ்டு அவுட்'னு ஜிடிபி மழுப்புற வேரியபிள்களுக்கு என்ன செய்றீங்க? அது மட்டும் பாக்கி.