எந்த டேப்பில் நிற்கிறோம் என்று தெரியாமல் திணறிய அனுபவங்கள்

அம்பை சேவை மையம்:
அம்பாசமுத்திரத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்தவர். அடுத்த பரிசோதனைக்கு ஒரு மருத்துவமனையின் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இனிமேல் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்று அவர் போனிலேயே செய்து பழக ஆசைப்பட்டார். தளத்தின் மேலே 'புதிய நோயாளி', 'பழைய நோயாளி', 'கட்டணம்' என்று டேப்கள், அதாவது தொட்டால் கீழே அதற்குரிய பகுதி திறக்கும் பொத்தான்கள். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. திறந்திருக்கும் டேப் மட்டும் இம்மியளவு அடர்த்தி கூடுதல். அவர் 'பழைய நோயாளி'யைத் தொட்டார். கீழே படிவம் மாறியது, மேலே எதுவும் மாறினதாகத் தெரியவில்லை. மறுபடி தொட்டார். மறுபடியும். அப்புறம் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ஏய்யா, ஆபரேஷன் பண்ணியும் என் கண்ணு சரியாகலையோ?" என்று கேட்டார்.

அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கே போனைச் சாய்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வண்ணாரப்பேட்டை டிசைனர்:
அண்ணாச்சி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் எழுத்தின் நிறத்தை மட்டும் குற்றம் சொன்னால் பாதிதான் சரி. எல்லா டேப்பையும் கன்னங்கரேலென்று ஆக்கியிருந்தாலும் அந்த அம்மா இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். படிக்க முடிகிறதா என்பது ஒன்று. எது திறந்திருக்கிறது என்பது வேறொன்று. டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தளம் செய்தபோது முதலாளி "எல்லாம் மெலிசா, அழகா இருக்கட்டும்" என்றே நின்றார். மதியம் ஒரு மணிக்கு அவரை ரதவீதிக்கு அழைத்துவந்து, வெயிலில் அவர் போனிலேயே திறந்து காட்டினேன். மெனு இருக்கிற இடமே அவருக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், "கறுப்பாக்கிடு" என்றார்.

பாளை டீச்சர்:
நீங்கள் இருவரும் கண்ணோடு நின்றுவிட்டீர்கள். பார்வையில்லாத மாணவி ஒருத்தி கல்லூரி விண்ணப்பம் போட வந்தாள். கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். அதை வைத்து வேகமாக வேலை செய்கிற பிள்ளை. அந்தத் தளத்தில் டேப்களை வெறும் படங்களாக வைத்து, பெயரே கொடுக்காமல் விட்டிருந்தார்கள். ஹெட்ஃபோனில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் வந்தது. எது கட்டணம், எது சான்றிதழ்? ஒவ்வொன்றாக அழுத்தி, கீழே என்ன வருகிறது என்று முழுதாகக் கேட்டு, மனதில் வரிசைப்படுத்திக்கொண்டாள். பக்கம் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டதும் எங்கே நின்றாள் என்பதே போய்விட்டது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற ஊர் இது. இங்கிருந்து படித்துப் போகிற பிள்ளைகள் ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா?

நாங்குநேரி வாசகன்:
எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. ரயில்வே வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், புள்ளிகளுக்குள் எண்ணைப் படிக்கச் சொல்லும் அட்டையைக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு பஸ் முன்பதிவுத் தளத்தில் 'போக', 'திரும்பி வர' என்று இரண்டு டேப். திறந்திருப்பது பச்சை, மற்றது சிவப்பு. எனக்கு இரண்டுமே ஒரே பழுப்பு. வள்ளியூரிலிருந்து சென்னைக்கு எடுப்பதாக நினைத்துப் பணம் கட்டினேன். டிக்கெட் சென்னையிலிருந்து வள்ளியூருக்கு வந்தது. வேலைக்குச் சேர வேண்டிய நாள் அது. டிசைனர் அண்ணன் சொன்ன 'கறுப்பாக்கிடு' எனக்கு உதவாது. அடியில் ஒரு தடித்த கோடு போட்டிருந்தால் போதும்.

பொதிகை நிழல்:
தமிழ்த் தளங்களில் இன்னொரு கொடுமை. என் மனைவி போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பாள். ஒரு நலத்திட்டத் தளத்தைத் திறந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேப்: 'விண்ணப்ப…', 'விண்ணப்ப…'. ஒன்று விண்ணப்பிக்க, மற்றது விண்ணப்ப நிலை. பெட்டியின் அகலத்தை இங்கிலீஷ் சொல்லுக்கு அளந்து வைத்தவர்கள் தமிழைப் போட்டுப் பார்க்கவே இல்லை. உயரமும் போதாது. 'மீ'யின் சுழி மேலே அறுந்து, 'மூ'வின் கால் கீழே அறுந்து கிடக்கிறது.

தென்காசி ரோடு:
பத்தமடையில் பாய் விற்கும் ஒருவருக்காகத் தளம் செய்திருக்கிறேன். அவர் தன் தளத்தின் மெனுவைத் திறக்கத் தெரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூலையில் மூன்று கோடு, அவ்வளவுதான். "அது ஏதோ டிசைன்னுல்லா நினைச்சேன்" என்றார். 'மெனு' என்று எழுதினேன், தீர்ந்தது.

தளம் செய்கிறவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலக வழிகாட்டியில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் 999999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் 2.85தான் வரும். 767676 போட்டால் 4.54, தேறிவிடும். அம்பை அண்ணாச்சி பார்த்தது முதல் வகையாகத்தான் இருக்கும். நாங்குநேரி தம்பி கேட்ட கோடும் அதிலேயே இருக்கிறது: நிறத்தை மட்டும் நம்பி எதையும் உணர்த்தக் கூடாது. 2023இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. விரல் நடுங்கும் பெரியவர்களுக்கு அதுவே சிறிது, நான் 44 வைப்பேன். டீச்சருக்கு: பக்கத்துக்குப் பக்கம் போகும் மெனு என்றால் நிற்கும் பக்கத்துக்கு ஏரியா-கரண்ட் (aria-current), ஒரே பக்கத்துக்குள் மாறும் டேப் என்றால் ஏரியா-செலக்டட் (aria-selected) என்ற குறிப்பைத் தளத்தின் நிரலில் சேர்க்க வேண்டும். படமாக வைத்தாலும் பெயர் கொடுக்க வேண்டும். அப்போதுதான் திரைவாசிப்பான் பெயரோடு 'தற்போதைய பக்கம்' என்றோ 'தேர்ந்தெடுக்கப்பட்டது' என்றோ சொல்லும். பொதிகை அண்ணாச்சி சொன்ன வெட்டுக்கு, அகலத்தையும் உயரத்தையும் பூட்டாமல் விட்டு, இடம் போதாதபோது இரண்டாம் வரிக்கு இறங்க விடுங்கள். போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒருதரம், எழுத்தை இரண்டு மடங்காக்கி ஒருதரம், மவுஸைத் தொடாமல் கீபோர்டில் ஒருதரம் பாருங்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. தயவு பண்ணச் சொல்லிக் கேட்கிற காரியம் இல்லை இது.

வண்ணாரப்பேட்டை டிசைனர்:
இரண்டாம் வரிக்கு இறங்க விட்டால் சின்ன போனில் மெனுவே பாதித் திரையை விழுங்கிவிடும். டேப்களைக் குறைப்பதுதான் வழி. ஏழு எட்டு டேப் எந்தக் கடைக்கும் தேவையில்லை. நாங்குநேரி தம்பி, கோடு போடுவது நானும் செய்கிறதுதான். 'கறுப்பாக்கிடு' முதலாளி சொன்னது.

பாளை டீச்சர்:
தென்காசி ரோடு, அந்த இரண்டு ஏரியா விஷயத்தையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா? கல்லூரித் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.