கவுண்டி ஜெயிலில் ஒருவரைத் தேடுவது, பேசுவது, ரிலீஸ் பதிவு வாங்குவது: அனுபவப் பகிர்வு

வைகைக்கரை, சான் ஹோசே:

அமெரிக்காவில் ஒருவரை இரவில் போலீஸ் கூட்டிப்போய்விட்டால் வீட்டார் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, கைதான இடம் எந்தக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) என்பதை. வீடு இருக்கும் கவுண்டி கணக்கில் வராது. ஃப்ரீமாண்ட்டில் குடியிருப்பவர் மில்பிடாஸில் கைதானால் தேட வேண்டியது சாண்டா கிளாரா கவுண்டியில். அலமேடா கவுண்டித் தளத்தில் எத்தனை முறை தட்டினாலும் பெயர் வராது.

கூகுளில் பெயரைப் போட்டுத் தேட வேண்டாம். மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் காசு கேட்கும் தனியார் தளங்கள். அங்கே இருப்பது பழைய தகவலாகவும் இருக்கும். கவுண்டி ஜெயிலை நடத்தும் காவல் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத் தளங்களின் முகவரி ஊருக்கு ஒரு விதம்; எல்லாமே டாட் கவ் என்று முடிவதில்லை. அதனால் கவுண்டியின் அரசுத் தளத்தில் நுழைந்து, அங்கிருந்து ஷெரீஃப் பக்கத்துக்குப் போவதுதான் பத்திரம். கைதிகளைத் தேடும் பக்கம் இலவசம். கிரெடிட் கார்டு கேட்டால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

பெயர் உடனே வராது. புக்கிங் என்றால் கைரேகை, புகைப்படம், மருத்துவக் கேள்விகள், கையில் இருந்த பொருள்களைப் பட்டியல் போடுவது எல்லாம் சேர்ந்தது. கூட்டமான வெள்ளி, சனி இரவுகளில் பல மணி நேரம் ஆகும். காயமோ மயக்கமோ இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருக்கும்வரை ஜெயில் பட்டியலில் பெயர் ஏறாமல் இருக்கலாம்.

கலிஃபோர்னியாவில் கைதான 3 மணி நேரத்துக்குள், எதிர்முனையில் எடுத்துப் பேசி முடிந்த 3 அழைப்புகளுக்கு உரிமை உண்டு. தண்டனைச் சட்டத்தின் 851.5 பிரிவு அதைச் சொல்கிறது. பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவருக்குக் கூடுதலாக 2 அழைப்பு. ஆகவே போனில் தெரியாத எண்களை ஒதுக்கும் வசதியை அன்றிரவு அணைத்து வையுங்கள். ஜெயில் அழைப்பு திரையில் ஸ்பாம் என்றே காட்டக்கூடும்.

கரிசல்மண், டல்லாஸ்:

இதில் நம் ஆட்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பெயர். அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். பிறகு டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வேறு மாதிரி பிரிந்திருக்கும். புக்கிங் மேசையில் இருப்பவர் கைக்குக் கிடைத்த அட்டையைப் பார்த்துத் தட்டுகிறார். எனவே செந்தில்குமார் ராமசாமி என்பவரைத் தேட வேண்டுமானால் இந்த வரிசையில் முயலுங்கள்: கடைசிப் பெயர் ராமசாமி, முதல் பெயர் செந்தில்குமார், அப்புறம் அதைத் தலைகீழாக, அப்புறம் கடைசிப் பெயரில் இரண்டையும் சேர்த்து, முதல் பெயரில் எஃப்.என்.யூ.; அப்புறம் செந்தில் ஒரு சொல்லாகவும் குமார் தனியாகவும். பல தளங்களில் முதல் மூன்று நான்கு எழுத்து மட்டும் தட்டினாலே அதில் தொடங்கும் எல்லாப் பெயரும் வரும். முழுப் பெயரைத் தட்டினால் ஒரு இடைவெளி பிசகினாலும் எதுவும் வராது.

பிறந்த தேதியில் மாதம் முதலில், நாள் பிறகு. மார்ச் 5 என்பதை நம் வழக்கப்படி 05, 03 என்று போட்டால் அது மே 3 ஆகிவிடும். பெயர் கிடைத்ததும் அதே பெயரில் வேறொருவரா என்று வயது, கைதான நேரம், கைது செய்த போலீஸ் துறை மூன்றையும் ஒத்துப்பாருங்கள்.

கிடைத்த பிறகு எண்ணை எழுதிக்கொள்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். புக்கிங் எண் இந்த ஒரு கைதுக்கு மட்டும். சில கவுண்டிகளில் ஆளுக்கென்று நிரந்தர எண் தனியாக உண்டு. சாண்டா கிளாராவிலும் அலமேடாவிலும் அது பி.எஃப்.என்.; ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் எஸ்.பி.என். நியூயார்க் நகரத்தில் ஐந்து கவுண்டிக்கும் சேர்த்து ஒரே சீர்திருத்தத் துறைதான், அங்கே என்.ஒய்.எஸ்.ஐ.டி. எண். பணம் கட்ட, கடிதம் எழுத, வக்கீலிடம் சொல்ல, எல்லாவற்றுக்கும் எண்தான் வழி. எழுத்துப்பிழை உள்ள பெயரைக்கூட எண் காப்பாற்றிவிடும்.

பாலாற்றங்கரை, ஹூஸ்டன்:

கரிசல்மண் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எல்லா மாநிலத்துலயும் கவுண்டி ஜெயில் கிடையாது. கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய் இங்கெல்லாம் மாநிலத் துறையே ஜெயிலையும் நடத்துது, அதனால மாநிலத் தளத்துல பாருங்க. லூசியானாவுல கவுண்டிக்குப் பேரே பாரிஷ். ஃபெடரல் வழக்கு ஆளை பல நேரம் கவுண்டி ஜெயில்லயே வெச்சிருப்பாங்க, ஆனா பொறுப்பு யு.எஸ். மார்ஷல்ஸ்ங்கற ஃபெடரல் காவல் துறை கிட்ட. அந்தச் சமயத்துல ஃபெடரல் சிறைத்துறைத் தளத்துல பேர் வரலேன்னா ஆள் தொலைஞ்சுட்டார்னு பதற வேண்டாம்.

பெயில் கட்டத்தைப் பாத்தும் பதறாதீங்க. நோ பெயில்னு இருந்தா பல நேரம் நீதிபதி இன்னும் தொகை சொல்லலேன்னு அர்த்தம். இல்லேன்னா ஹோல்டு இருக்கும், அதாவது வேற கவுண்டியோ குடியேற்றத் துறையோ இவரை எங்களுக்கு வேணும்னு கேட்டு வெச்சிருக்கு. ஹோல்டு இருக்கறப்ப அவசரப்பட்டு பெயில் கட்டினா, இந்த வாசல்ல விட்டு அந்த வாசல்ல பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. முதல்ல வக்கீல்கிட்ட கேளுங்க.

பெயில் பாண்டு ஆள், அதாவது காசு வாங்கிட்டு உங்களுக்காக பெயிலுக்குப் பொறுப்பு ஏத்துக்கறவர், வழக்கமா 10 சதவீதம் வாங்குவார். 50,000 டாலருக்கு 5,000. அது திரும்பி வராது. முழுத் தொகையையும் நீங்களே ரொக்கமா கட்டி, அவர் எல்லா வாய்தாவுக்கும் தவறாம போனா, வழக்கு முடிஞ்சதும் திரும்பக் கிடைக்கும். சில இடத்துல கட்டணம், அபராதம் பிடிச்சுப்பாங்க. இல்லினாய், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் நாலுலயும் பாண்டு வியாபாரமே கிடையாது.

நெய்தல், சிகாகோ:

இல்லினாய் பற்றி வந்ததால் எச்சரிக்கை ஒன்று. 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாயில் ரொக்க ஜாமீனே இல்லை. விடலாமா வைக்கலாமா என்பதை நீதிபதி விசாரித்து முடிவு செய்கிறார். அதனால் சிகாகோ இருக்கும் குக் கவுண்டி ஜெயிலிலிருந்து பேசுகிறேன், இவ்வளவு கட்டினால் இன்று மாலை விடுவோம் என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று.

எல்லா மாநிலத்திலும் இந்தக் கும்பல் ஒரே மாதிரிதான் இயங்குகிறது. ஜெயில் பட்டியல் பொதுவில் இருக்கிறது. பெயர், குற்றச்சாட்டு, தொகை எல்லாம் அவர்கள் கையிலும் உண்டு. சார்ஜென்ட் என்று சொல்லிக்கொண்டு, காலில் மாட்டும் கருவிக்குக் கட்டணம் என்று கிஃப்ட் கார்டு, ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணமாற்றம், பிட்காயின் கேட்பார்கள். எந்த ஷெரீஃப் அலுவலகமும் தானாகக் கூப்பிட்டு அப்படிக் கேட்காது. போனை வைத்துவிட்டு, அரசுத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணுக்கு வேண்டாம்.

மலர்வனம், லாஸ் ஏஞ்சலஸ்:

பேசுவது, எழுதுவது பற்றி நான் எழுதுகிறேன். ஜெயிலுக்குப் போன் செய்து ஆளைக் கூப்பிடச் சொல்ல முடியாது. உள்ளேயிருந்துதான் அழைப்பு வரும். பல கவுண்டிகளில் செக்யூரஸ் அல்லது வயாபாத் போன்ற நிறுவனத்திடம் தொலைபேசி இருக்கிறது. எடுப்பவர் காசு கொடுக்கும் பழைய கலெக்ட் கால் முறை செல்போனுக்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் எண்ணைப் பதிந்து, ப்ரீபெய்டு கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு வைத்தால்தான் பெரும்பாலும் மணி அடிக்கும். சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் நகர ஜெயில்களில் அழைப்பு இலவசம். பல இடங்களில் 15 நிமிடத்தில் தானாகத் துண்டிக்கும். நடுவில் ஊரில் இருக்கும் அம்மாவை கான்ஃபரன்ஸில் இணைத்தால் கணினி அதைக் கண்டுபிடித்து வெட்டிவிடும். சில ஜெயில்களில் அந்த எண்ணையே தடை செய்வார்கள்.

வீட்டாருடன் பேசும் எல்லா அழைப்பும் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்ற நினைப்பை விடுங்கள். அரசு வக்கீல் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்பார். அன்று என்ன நடந்தது, யார் முதலில் அடித்தது, எவ்வளவு குடித்திருந்தார் என்ற பேச்சே கூடாது. சாப்பிட்டாயா, மருந்து கொடுத்தார்களா, வக்கீல் வந்தாரா, அடுத்த வாய்தா என்றைக்கு, இவ்வளவுதான். குடும்பச் சண்டையில் கைதாகி, நீதிபதி தொடர்பு கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தால், மனைவிக்குப் போன் செய்வதே புதிய குற்றம். அவரே ஆசையாக எடுத்தாலும் அதே கதிதான்.

மருந்து விஷயத்தில் தாமதம் கூடாது. வீட்டிலிருந்து மாத்திரை கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். ஜெயில் மருத்துவப் பிரிவின் எண்ணைக் கேட்டு வாங்கி, பெயர், பிறந்த தேதி, புக்கிங் எண், நோய், மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம், டாக்டர், மருந்துக்கடை எண் எல்லாம் எழுதி ஃபேக்ஸ் செய்யுங்கள். உங்களிடம் அவர் நிலையைச் சொல்ல அவர்கள் மறுக்கலாம். ஆனால் நீங்கள் தரும் தகவலை வாங்கிக்கொள்ள எந்தச் சட்டமும் தடை இல்லை. இன்சுலின், வலிப்பு மருந்து, மனநல மருந்து என்றால் ஃபேக்ஸோடு நிற்காமல் போனிலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கடிதத்துக்கு வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு மை. ஸ்டிக்கர், ஸ்டேபிள், வாசனைத் திரவியம், திருநீறு, குங்குமம் எதுவும் உள்ளே வைக்கக் கூடாது. தூள் என்றாலே போதைப்பொருள் சந்தேகம் வரும். பல ஜெயில்கள் இப்போது கடிதத்தை வேறு மாநிலத்தில் உள்ள நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லி, அங்கே ஸ்கேன் செய்து டேப்லெட்டில் காட்டுகின்றன. ஜெயில் முகவரிக்கு அனுப்பினால் திரும்பிவிடும். புத்தகம் பேப்பர்பேக்காக, புதிதாக, கடையிலிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ நேராகப் போக வேண்டும். கமிசரி எனும் ஜெயில் கடைக்கான கணக்கும் போன் கணக்கும் வேறு வேறு. ஒன்றில் போட்ட பணம் மற்றதற்குப் பெரும்பாலும் உதவாது.

வைகைக்கரை, சான் ஹோசே:

ரிலீஸ் பற்றி. பெயில் கட்டியதும் கதவு திறக்காது. வேறு வாரண்ட் உண்டா என்று பார்த்து, பொருள்களைத் திருப்பித் தர பல மணி நேரம் பிடிக்கும். நடு இரவில் வெளியே விடுவது சாதாரணம், போனில் சார்ஜ் இருக்காது. வீட்டு எண்ணை மனப்பாடம் செய்திருக்கிறாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தளத்தில் ரிலீஸ்டு என்று வந்தாலே வீட்டுக்கு வருகிறார் என்று பொருளல்ல. சொந்தப் பிணையில் விட்டதும் அதே சொல், வேறு துறையிடம் ஒப்படைத்ததும் அதே சொல். ரிலீஸ் காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஜெயில் ரெக்கார்ட்ஸ் பிரிவைக் கூப்பிட்டு, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று கேளுங்கள்.

உடனுக்குடன் தெரிய வேண்டுமானால், உள்ளே இருப்பவர் விடுதலையானதும் தகவல் தரும் வைன் என்ற இலவசச் சேவை பல கவுண்டிகளில் இருக்கிறது. கென்டக்கியின் லூயிவில்லில் மேரி பைரன் என்ற பெண், தன்னைத் தாக்கிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவன் ஜாமீனில் வந்தது தெரியாமலே 1993 டிசம்பரில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு 1994இல் தொடங்கியது இது. யாரும் பதிவு செய்யலாம். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. போனில் வரும்போது நீங்கள் வைத்த ரகசிய எண்ணைத் தட்டும்வரை திரும்பத் திரும்ப அழைக்கும். அடிபட்டு வந்திருக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் போட்டு வையுங்கள். ஆனால் பாதுகாப்புக்கு இது ஒன்றையே நம்பி இருக்காதீர்கள்.

நெய்தல், சிகாகோ:

குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்திருந்தால், அதன் கைது, நாடுகடத்தல் வேலையைப் பார்க்கும் ஐஸ் (ICE) துறையின் தேடல் பக்கத்தில் பாருங்கள். பெயர் ஏற ஒரு நாள்கூட ஆகலாம். குடியேற்றத் துறை ஆளுக்குத் தரும் ஏ எண் 9 இலக்கம். 8 இலக்கமே இருந்தால் முன்னால் சுழி சேர்க்கவும். நாடு என்று கேட்பது பிறந்த நாட்டை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் பிறந்திருந்தால் ஐக்கிய அரபு அமீரகம் என்று போட வேண்டும். இங்கே பாதிப் பெயர் தட்டித் தேட முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வரமாட்டார்கள்.

தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் கேட்காவிட்டாலும் அமெரிக்க அதிகாரிகள் சொல்லியாக வேண்டும். இந்தியர், இலங்கையர் தாமே கேட்டால்தான். புகலிடம் கேட்டிருப்பவர்கள் தூதரகத்தைத் தொடும் முன் வக்கீலிடம் பேசுங்கள்.

கரிசல்மண், டல்லாஸ்:

காகிதமாக என்ன வாங்குவது என்பதில் குழப்பம் அதிகம். ஜெயில் தருவது எந்தத் தேதியில் உள்ளே வந்தார், எப்போது போனார் என்ற சான்று மட்டுமே. விசா, கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு வேண்டியது வழக்கு எப்படி முடிந்தது என்ற, நீதிமன்ற கிளார்க் முத்திரையிட்ட டிஸ்பொசிஷன். வழக்கு தள்ளுபடியானாலும் அதைக் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் கைது நேரம், குற்றச்சாட்டு, பெயில் தொகை, விடுதலையான நேரம், விதம் ஆகியவற்றைப் பொதுப் பதிவுச் சட்டத்தில் 7923.610 பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். 10 நாளில் பதில் தர வேண்டும். பல வருடம் பழைய கைது என்றால் மறுக்க இடம் உண்டு, அப்போது நேராக நீதிமன்றத்துக்குப் போங்கள்.

வாங்கும் காகிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று ஜன்னலை விட்டு நகரும் முன் பாருங்கள். புக்கிங்கில் பிரித்து எழுதிய பெயர் அப்படியே வழக்குக்கும் போயிருக்கும். கலிஃபோர்னியாவில் முதல் வாய்தாவின்போது, குறித்திருக்கும் பெயர் உண்மையான பெயர் இல்லை என்றால் சொல்ல வேண்டும் என்பது தண்டனைச் சட்டத்தின் 989ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உள்ளேயே வைத்திருந்தால் கைதானதிலிருந்து 48 மணி நேரத்தில், ஞாயிறும் விடுமுறையும் கழித்து, அந்த வாய்தா வந்துவிடும். அதற்குள் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வக்கீல் கையில் சேர்த்துவிடுங்கள்.