சோழவரத்தில் ஓடிய பழைய ஸ்பெஷல் கார்கள்: கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?

எட்டு ஓட்டை

சென்னைக்குப் பக்கத்தில் கார் பந்தயம் நடந்த பழைய விமான ஓடுதளம், சோழவரம், அதைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, நேராக வருகிறேன். 1983இல் எங்கள் அத்தானும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பிரித்துக் கட்டினார்கள். பாடியைக் கழற்றி வீசியாச்சு. சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் மேல் அலுமினியத் தகடு, ஒரே சீட், பியட்டின் 1089 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். வளைவில் திரும்பக் கட்டிய வண்டி இல்லை அது. நின்ற இடத்திலிருந்து கால் மைல், 402 மீட்டர், அதை எத்தனை விநாடியில் தாண்டுகிறது என்பது மட்டும்தான் அவர்கள் கவலை. விடிகாலையில் ஓடுதளம் காலியாக இருக்கும்போது ஸ்டாப் வாட்சோடு போவார்கள்.

எடை குறைக்க சேஸிஸில் வரிசையாக ஓட்டை போட்டார்கள். ஷெட்டில் ஒரே ஒரு குண்டு பல்பு. அடியில் படுத்து டார்ச் பிடித்தது நான், வயது பத்து. தூங்கி வழிந்தேன். வெளிச்சம் நகர்ந்தது, டிரில் பிட் வழுக்கியது, எட்டாவது ஓட்டை ஏழாவதோடு ஒட்டிக்கொண்டு 8 போட்ட மாதிரி ஆகிவிட்டது. அத்தான் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். 86இல் அவர் துபாய் போகும்போது வண்டியை விற்றுவிட்டார். யாருக்கு என்று கேட்டால் இன்றைக்கும் மழுப்புகிறார்.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, புதுப்பேட்டையில் ஒரு சந்து. அம்பாசடர் ஹெட்லைட் வளையம் தேடிப் போனேன். சுவரில் ஒரு சேஸிஸ் சாய்ந்திருந்தது. துருவைத் தடவிக்கொண்டே எண்ணினேன். ஏழு, எட்டு. விரலை விட்டேன். ஒடுங்கிய இடத்தில் பிசிறு இன்னும் குத்துகிறது. கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொன்னார். கையில் பணமும் இருந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்து, "திங்கட்கிழமை வருகிறேன்" என்றேன். திங்கட்கிழமை சுவர் மட்டும் இருந்தது.

யாராவது பார்த்தீர்களா?

விளக்கெண்ணெய்

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஹெரால்டில் போய் யாராவது டிராக் (drag, நேர்கோட்டில் பாயும்) வண்டி கட்டுவார்களா? பின்னால் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில், குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். கொஞ்சம் அசந்தால் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். தவிர, அந்தக் காலத்தில் டிராக் பந்தயம் என்று அங்கே யார் பேசினார்கள்? யுத்தகாலத்து ஓடுதளம், டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்துத் தடம் பிரித்து, சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பிப்ரவரி வெயிலில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

எனக்கு அங்கே மறக்காதது வாசனை. அப்போது ரேஸ் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். ஒரு கறுப்பு பியட் 1100 கிளம்பியது, புகை நேராக எங்கள் மேல் வந்தது. முந்தின ஞாயிறுதான் பாட்டி பேதிக்குக் கொடுத்திருந்தாள். என் தம்பி அங்கேயே வாந்தி.

அதே பியட்டை மறுபடி பார்த்தேன் என்பதற்காகத்தான் எழுத வந்தேன். மாம்பலத்தில் ஒரு ஜானவாசம். யாரோ கூரையை அறுத்து அதை மாப்பிள்ளை ஊர்வலக் காராக்கியிருந்தார்கள். பந்தய கேம்ஷாஃப்டை மாற்றவே இல்லை. அந்த எஞ்சின் மெதுவாகப் போக மறுக்கிறது. கிளட்சை விட்டால் பாய்கிறது, பிடித்தால் அணைகிறது. மாப்பிள்ளை மாலையோடு முன்னும் பின்னும் ஆடுகிறார், முன்னால் போன நாதஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வாசனை மட்டும் இல்லை. சாதாரண ஆயில்தான் ஊற்றியிருந்தார்கள் போல. அதற்கப்புறம் அந்தக் கார் கண்ணில் படவில்லை.

கோவை லேத்

விளக்கெண்ணெய் சார், ஸ்விங் ஆக்சில் வளைவில்தான் வில்லங்கம். நேராக ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியின் பின்புறம் அமுங்கும், சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும், மடங்காது. சென்னையிலேயே தயாரான ஹெரால்டை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் எளிது. அதில் சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடி கையோடு வந்துவிடும். பியட்டில் அது நடக்காது, பாடியே சேஸிஸ்.

என் கதை சின்னது. எங்கள் ஊர் கரிவரதன் கட்டிய ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் பந்தயக் கார் ஒன்றை ஒரு கல்லூரி வராந்தாவில் பார்த்தேன். மூன்று சிலிண்டர் 796 சிசி மாருதி எஞ்சின் இருந்த இடத்தில் பையன்கள் டிபன் கேரியரை வைத்திருந்தார்கள். அந்த மாதிரி வண்டியில் தொடங்கித்தான் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். ஒரு பையனுக்கும் அது தெரியவில்லை. சொன்னேன். கேரியரை எடுத்துக் கீழே வைத்தார்கள், நான் படி இறங்கியதும் திரும்ப வைத்திருப்பார்கள்.

இனி, எட்டு ஓட்டை சாருக்கு, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சேஸிஸ் நம்பர் தகட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஹெரால்டில் தகடு எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில், ஃபயர்வாலில் இருக்கும், பாடி போனபோதே அதுவும் போயிருக்கும். எதைப் பார்த்தாலும் முதலில் கழுவாதீர்கள். துருவுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால், நாலணா அகலத்துக்கு மட்டும் வாட்டர் பேப்பர் போட்டு மெதுவாகத் தேயுங்கள். வளையம் வளையமாக ஒவ்வொரு கலரும் வெளியே வரும். கம்பெனி கலர் எது, அதற்கு மேல் யார் யார் என்ன அடித்தார்கள் என்று வரிசையாகத் தெரியும். அத்தானிடம் வண்டி என்ன கலர் என்று கேட்டுவிட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நினைத்த கலர்தான் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் வெல்டிங். பழைய கேஸ் வெல்டிங்கில் கை ஆடிய தடம் இருக்கும், சிஓடூ வெல்டிங் மழமழவென்று இருக்கும். பியட் எஞ்சின் உட்கார மவுண்ட் பிராக்கெட் ஒட்டியிருப்பார்கள் அல்லவா? அதை அறுத்து எடுத்தாலும் தழும்பு போகாது. இரண்டு தழும்புக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று அளந்து, ஏதாவது பியட் எஞ்சினோடு ஒப்பிடுங்கள். ஓட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். மவுண்ட் இடைவெளி பொய் சொல்லாது.

எட்டு ஓட்டை

டிராக் பந்தயம் இருந்தது என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்டாப் வாட்ச் இருந்தது என்றேன். லேத் அண்ணே, நன்றி. ஆனால் அளப்பதற்கு சேஸிஸ் வேண்டுமே.

மண்ணெண்ணெய்

நான் யாழ்ப்பாணம். சோழவரம் கண்டதில்லை. எங்கட பக்கத்தில் கட்டுகுருந்தவில் இதே மாதிரி யுத்தகாலத்து ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது, நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம். அந்த இரண்டிலும் ஓடின ஆஸ்டின் ஏ-40 என்று சொல்லித்தான் ஐயா அந்தக் காரை வாங்கினவர். ஒருத்தரும் நம்பவில்லை.

90க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. எல்லாக் காரும் மண்ணெண்ணெயில் ஓடினது தெரிந்திருக்கும். குழந்தைச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, கார்புரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எங்கட கார் மட்டும் இடி இடிக்கிற மாதிரித் தட்டும். மெக்கானிக் அண்ணை ஹெட்டைக் கழற்றினார், சீவியிருந்தது. கம்ப்ரஷன் கூட்ட யாரோ பந்தயத்துக்கு நன்றாகவே சீவியிருக்கிறார்கள். இன்ரேக் மனிஃபோல்டில் இரண்டாவது கார்புரேட்டருக்கு ஒரு வாய். அதைப் பால்மா பேணித் தகட்டால் அடைத்திருந்தார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை. அந்தத் தகட்டைத் துடைத்து எங்கள் எல்லாருக்கும் காட்டினார். பிறகு இரண்டு கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைத்துத்தான் அந்த எஞ்சினை மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கினார்கள்.

95 ஒக்டோபர் இடம்பெயர்வில் நாவற்குழிப் பக்கம் சனத்துக்கு நடுவில் நின்றுபோனது. அம்மம்மாவை இறக்கிச் சைக்கிளில் ஏற்றினோம். ஐயா சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை. சாவி என்னிடம் இருக்கிறது.

எல் போர்டு

மேலே இருப்பதைப் படித்த பிறகு என் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பந்தயமெல்லாம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போன பிறகு, சோழவரத்தில் பிற்பாடு நிஜமாகவே டிராக் ஓட்டினார்கள். எஸ்டீம் எஞ்சின் போட்ட வெள்ளை மாருதி 800 ஒன்று வரும். வெளியில் பார்த்தால் காய்கறி வாங்கப் போகும் வண்டி.

என் மகள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பின்சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கால்மிதியை விலக்கினால் தரையில் நான்கு இடத்தில் எம்-சீல் உருண்டை. பக்கெட் சீட் போல்ட் இருந்த இடம். பேட்டரி தட்டுக்குக் கீழே பாடியைக் கொஞ்சம் அடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள், பெரிய எஞ்சின் உட்கார. இப்போது பழையபடி 796 சிசி. மகள் மூன்று முறை வண்டியை அணைத்தாள். மாஸ்டர், "இந்த வண்டிக்கு வேகமே வராதும்மா, பயப்படாதே" என்றார். வாயைத் திறக்கவில்லை நான்.

செங்குன்றம்

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. எங்கள் தெருவில் பந்தல் காண்ட்ராக்டர் ஒருவர் புதிதாக டிரெய்லர் அடித்திருக்கிறார். சவுக்குக் கட்டையும் நாற்காலியும் ஏற்றுவதற்கு. அடியில் இருப்பது ஏதோ பழைய கார் சேஸிஸ், முன்பக்கம் அறுத்து கொக்கி போட்டிருக்கிறது. வரிசையாக ஓட்டை இருக்கிறது. இப்போது போய் எண்ணிவிட்டு வந்தேன். இடது பக்கம் ஆறு. அதற்கப்புறம் கையகலத்துக்கு ஒரு தகடு வைத்து வெல்டிங்.

எட்டு ஓட்டை

தகட்டை எடுக்க வேண்டாம். உள்பக்கமாக விரலை விட்டுப் பாருங்கள்.

செங்குன்றம்

விரல் போகிறது. நடுவில் ஒடுங்கி, அப்புறம் மறுபடி அகலமாகிறது. கையைக் கிழித்துக்கொண்டேன். நாளைக்கும் நாளை மறுநாளும் முகூர்த்தம், டிரெய்லர் வெளியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும், சாவகாசமாக வாருங்கள் சார்.

எட்டு ஓட்டை

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வேண்டாம். அத்தானை எழுப்பிவிட்டேன். டேப் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம், தெருப் பெயரைத் தனியாக அனுப்புங்கள்.