பைலிட்டரசி சீல் (ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்த அமெரிக்க மாணவர்களுக்குப் பள்ளி முடிக்கும்போது கிடைக்கும் அங்கீகார முத்திரை): உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஃப்ரீமாண்ட் அம்மா:
மகளுடைய டிப்ளமோவில் தங்க முத்திரை வந்துவிட்டது. ஆனாலும் அக்டோபரில் பள்ளி ஆலோசகர் அறையில் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. படிவத்தில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, மாண்டரின் மட்டும் இருந்தன. தமிழ் என்றதும், "வீட்டில் பேசுவது இதில் சேராதே" என்றார். கலிஃபோர்னியாவில் 2011லேயே சட்டம் வந்தாயிற்று, தமிழும் சேரும். நான் வாய் திறப்பதற்குள் இவள் ஒரு துண்டுத்தாளை எடுத்துத் தன் பெயரைத் தமிழில் எழுதி, அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

எடிசன் அப்பா:
எங்களுக்குப் பள்ளியில் பிரச்சினை இல்லை, இந்த சீலுக்காக எழுதும் ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வில்தான். மகன் எழுதும் பகுதியை நன்றாகவே முடித்தான். மைக் முன்னால் "காலை உணவு அருந்தினேன்" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டானாம். வீட்டில் "சாப்ட்டேன்"தான். தமிழ்ப்பள்ளியில் கொச்சை கூடாது என்று சொல்லிச் சொல்லியே பயமுறுத்திவிட்டார்கள். காரில் ஏறியதும், "எந்தத் தமிழ்ல பேசணும்னே தெரியலப்பா" என்றான்.

நேப்பர்வில் ஆசிரியை:
எடிசன் சார், தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்லாதீர்கள். நாங்கள் எழுத்துக்குத்தான் அப்படிச் சொல்கிறோம். என் மாணவி ஒருத்தியும் இதே மாதிரி திணறினாள், அதனால் சொல்கிறேன். உங்கள் நியூஜெர்சியில் இன்டர்மீடியட் மிட், அதாவது இடைநிலையின் நடுப்படி, போதும். எங்கள் இல்லினாயில் அதற்கு அடுத்த படியான இன்டர்மீடியட் ஹை வேண்டும். தூய சொல்லைத் தேடுவதைவிட, வாக்கியங்களை "அதனால", "அப்புறம்" என்று கோத்து ஒரு சம்பவத்தை முழுசாகச் சொல்வது முக்கியம். தாத்தா பாட்டியுடன் தினமும் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். தமிழில் தட்டச்சும் பழகட்டும். கையால் அழகாக எழுதும் பிள்ளைகள்கூட விசைப்பலகையில் தடுமாறுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே எழுதினால், வேண்டுமானால் இன்னொரு முறை எழுத நேரமிருக்கும்.

மில்பிடாஸ் சித்தி:
இங்கே எல்லாரும் தமிழைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த சீலுக்கு ஆங்கிலத்திலும் தேற வேண்டும். அக்கா மகன் மதுரையிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தான். பள்ளி அவனை "இங்கிலீஷ் லேர்னர்", அதாவது ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவன், என்று பதிந்துகொண்டது. ராத்திரி ஒரு மணி வரை ஆங்கிலக் கட்டுரையோடு உட்கார்ந்திருப்பான். தமிழ்த் தேர்வை மட்டும் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டு வந்தான். சீல் கிடைத்த அன்று சொன்னான்: "சித்தி, எனக்கு என்ன தெரியும்னு இந்த ஸ்கூல்ல கேட்டது இதுதான் முதல் தடவை."