எஸ்றா பெயரில் வழங்கும் நூல்கள்: ‘ஊழி இலக்கியமா’, ‘மறைவெளிப்பாடா’?

குழுவினருக்கு வணக்கம்.

மறைந்திருக்கும் இறைத்திட்டம் காட்சிகள் வழியும் வானதூதர் வழியும் ஒருவருக்குத் தெரியவருவதாகச் சொல்லும், கிரேக்கத்தில் ‘அப்போகலிப்சிஸ்’ எனப்படும் இலக்கிய வகைக்கு ‘ஊழி இலக்கியம்’ என்ற பெயரை முந்தைய மடலில் முன்மொழிந்திருந்தார்கள். சொல் அழகானதுதான், ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்ற குறளைப் படித்த எவருக்கும் உடனே விளங்கும். ஆயினும் அதை ஏற்கத் தயங்குகிறேன். கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் மூடியிருப்பதைத் திறத்தல் என்பதே. பேரழிவு என்ற பொருள் ஐரோப்பிய மொழிகளின் பொதுவழக்கில் பின்னர் ஏறியது.

எஸ்றா, பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் யூதருக்கு வேதம் கற்பித்த அறிஞர். அவர் பெயரில் வழங்குவனவற்றுள் தலையாய நூலை, அதாவது ‘நான்காம் எஸ்றா’ என்ற தொகுப்பின் நடுப்பகுதியை, எடுத்துக்கொள்வோம். எருசலேம் ஆலயத்தை உரோமர் கி.பி. 70இல் அழித்த பின், அந்நூற்றாண்டின் இறுதியையொட்டி யூதர் ஒருவர் எழுதியது அது. கதை மட்டும் முன்னொரு அழிவுக்குப் பின்னர், நகரம் பாபிலோனியரிடம் வீழ்ந்த முப்பதாம் ஆண்டில், பாபிலோனில் படுக்கையில் கலங்கிக் கிடக்கும் எஸ்றாவிடம் தொடங்குகிறது. ஏழு காட்சிகளுள் முதல் மூன்றும் பெரும்பாலும் வாதமே. பாபிலோன் செழித்திருக்கச் சீயோன் (எருசலேம்) பாழானது ஏன் என்று அவர் கேட்க, நெருப்பை நிறுத்துக் காட்டு, காற்றை அளந்து காட்டு, கழிந்த நாளைத் திரும்ப அழைத்துக் காட்டு என்று ஊரியேல் என்னும் வானதூதர் மடக்குகிறார். முடிவுக்கால அடையாளங்களும், உரோமைக் குறிக்கும் பன்னிரு சிறகும் முத்தலையும் உடைய கழுகும் பின்னர் வரத்தான் செய்கின்றன. என்றாலும் நூலை நடத்திச் செல்வது, மறைந்திருப்பதை அறியாமல் அமையாத ஒரு மனத்தின் தவிப்பே.

14ஆம் அதிகாரத்துக்கு வந்தால் ஐயமே இராது. கிண்ணத்திலிருந்து, நீர் போன்றதும் நெருப்பின் நிறங்கொண்டதுமான ஒன்றைப் பருகிய எஸ்றா சொல்லச் சொல்ல, ஐந்து பேர் நாற்பது நாளில் 94 நூல்களை எழுதி முடிக்கிறார்கள். அவற்றுள் 24 எல்லாரும் படிக்க வெளியிடப்படுகின்றன (எபிரேயத் திருநூல்களை யூதர் எண்ணும் கணக்கும் இதுவே). எஞ்சிய 70 அறிவுடையோருக்கென்று ஒதுக்கி வைக்கப்படுகின்றன. வேதத்தையும் மறைபொருளையும் ‘மறை’ என்ற ஒரே சொல்லால் குறிக்க முடிவது இவ்விடத்தில் தமிழுக்கு வாய்த்த பேறு. ஆகவே ‘மறைவெளிப்பாடு’ என்பது என் முன்மொழிவு. வெறும் ‘வெளிப்பாடு’ இன்று கலை விமரிசனத்தில் வேறு பொருளில் புழங்குகிறது. ‘வெளிப்படுத்தின விசேஷம்’, ‘திருவெளிப்பாடு’ ஆகிய இரண்டும் புதிய ஏற்பாட்டின் கடைசி நூலுக்கே உரிய பெயர்களாகிவிட்டன.

இப்படி முன்னோர் ஒருவரின் பெயரில் பிறர் எழுதிய நூலைக் குறிக்கும் ‘போலிப்பெயர் நூல்’ என்பதையும் விட்டுவிடலாம். போலி என்றதும் பத்திர மோசடிதான் நினைவுக்கு வருகிறது. அகத்தியர் பெயரில் வழங்கும் பிற்கால வைத்திய நூல்களை நாம் அப்படி அழைப்பதில்லை. ஒருவர்மேல் சார்த்திச் சொல்லுதல் என்ற வழக்கை ஒட்டிப் ‘பெயர்சார்த்து நூல்’ எனலாம்.

தலைப்புகளில்தான் பெருங்குழப்பம். 16 அதிகாரங்கள் கொண்ட தொகுப்பு இலத்தீன் விவிலிய மரபில் நான்காம் எஸ்றா, ஆங்கில மரபில் இரண்டாம் எஸ்றா. முதல் இரண்டு அதிகாரங்களும் கடைசி இரண்டும் கிறிஸ்தவர் பின்னர் சேர்த்தவை. ஆய்வாளர் அவற்றை ஐந்தாம் எஸ்றா, ஆறாம் எஸ்றா என்கின்றனர். 3 முதல் 14 வரையுள்ள பகுதியை ‘எஸ்றா மறைவெளிப்பாடு’ என்று மட்டும் சொன்னால், கிரேக்கத்தில் கிடைக்கும் பிற்காலக் கிறிஸ்தவ நூலோடு மோதும். எனவே ‘யூத எஸ்றா மறைவெளிப்பாடு’, ‘கிரேக்க எஸ்றா மறைவெளிப்பாடு’ என அடைகொடுத்துப் பிரிப்பதே நல்லது.

எனக்கு விடை கிடைக்காத சொல் ஒன்று உண்டு. இறைவாக்கினர் எரேமியா சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த பாருக்கின் பெயரிலும் மறைவெளிப்பாட்டு நூல்கள் இருக்கின்றன. எபிரேயத்தில் அவருக்கும் எஸ்றாவுக்கும் ‘சோபேர்’ (எழுதுபவர்) என்ற ஒரே பட்டம். பழைய தமிழ் மொழிபெயர்ப்போ எஸ்றாவை ‘வேதபாரகன்’ (வேதத்தில் தேர்ந்தவன்) ஆக்கிப் பாருக்கைச் ‘சம்பிரதி’ (கணக்கெழுதும் அலுவலன்) ஆக்கிற்று. சம்பிரதி இன்று அகராதியைப் புரட்டாமல் விளங்காது. இருவரையும் ‘எழுத்தர்’ என்றால் அலுவலக வாடை அடிப்பதோடு, 14ஆம் அதிகாரத்தில் எஸ்றா எழுதவே இல்லை, சொல்லத்தான் செய்கிறார் என்ற இடரும் நிற்கிறது. இருவருக்கும் பொருந்தும் சொல் உங்களில் எவரிடமேனும் உண்டா?